தகுதி, திறமை: விடைத்தாளைத் திருத்தியவர் தேறவில்லை

போன மாதம் எங்கள் வாசகர் வட்டக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீக்கடைப் பக்கம் நகர்ந்தபோது, பொறியியல் மூன்றாமாண்டு படிக்கிற தம்பி ஒருவன் மட்டும் பின்தங்கி நின்றான். கூட்டத்தில் வாய் திறக்காதவன். "படிப்ப நிறுத்திடலாம்னு இருக்கேண்ணா" என்றான். கணக்கில் இரண்டு பேப்பர் நிற்கிறதாம். "ரெண்டு பேப்பருக்கா படிப்ப வுடுவாங்க?" என்று கேட்டேன். "இல்லண்ணா... நம்மளுக்கெல்லாம் கணக்கு வராதுண்ணா" என்றான்.

பேப்பர் நிற்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் நிற்கிறது. அந்த 'நம்மளுக்கெல்லாம்' இருக்கிறதே, அதுதான் சுட்டது. 'எனக்கு' என்று சொல்லியிருந்தால் யாரிடமாவது டியூஷனுக்குச் சேர்த்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இவனோ ஒரு சனத்தையே கூட்டிவந்து தோற்றவர்கள் வரிசையில் நிறுத்துகிறான். இதை இவனுக்கு எந்தப் புத்தகம் சொல்லிக்கொடுத்தது? எந்த வாத்தியார்? நேராக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லாமலே மனப்பாடம் செய்ய வைப்பதில் பார்ப்பனியத்தை மிஞ்ச ஆளில்லை.

இவனுடைய அம்மா வாரச்சந்தையில் கருவாடு விற்கிறார். நானும் அவரிடம் வாங்குகிறவன்தான். நெத்திலி முந்நூற்றைம்பது கிராம், கிலோ நானூறு. சென்னாக்குன்னி இருநூறு கிராம், கிலோ முந்நூறு. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், போன வாரப் பாக்கி முப்பத்தைந்தையும் கழித்துக்கொண்டு, அடுத்த ஆளிடம் பேரம் பேசியபடியே இருநூற்று அறுபத்தைந்தை என் கையில் வைப்பார். பேப்பர் கிடையாது, பேனா கிடையாது. அவர் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும். அந்தச் சாக்குப் படுதாவில் உட்கார்ந்து வளர்ந்தவன் சொல்கிறான், நம்மளுக்குக் கணக்கு வராதாம்.

அன்றைக்கு அவனிடம் சொன்னதையும், டீ ஆறிப்போனதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இது அவன் ஒருவனுக்கான பதில் இல்லை.

'தகுதி', 'திறமை' என்கிற இரட்டைச் சொல் 1990இல் மண்டல் குழுப் பரிந்துரையை வி.பி. சிங் அரசு அறிவித்தபோது தீக்குச்சியோடு தெருவுக்கு வந்தது. அதற்கு முன்னும் அது இருந்தது, அலுவலகத்திலும் வகுப்பறையிலும் குரல் தாழ்த்திப் பேசப்பட்டது. நாம் அதற்கு அரசியல் பதில் சொன்னோம், வரலாற்றுப் பதில் சொன்னோம். நல்லது. ஆனால் கடந்த இருபதாண்டுகளில் கல்வி, கணிதம், வணிகம், பொறியியல் என்று நான்கு துறைகளிலும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சொற்களைச் சோதனைக்கே உட்படுத்திவிட்டார்கள். எண்ணி, அளந்து, எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவும் ஆங்கிலத்தில். அவற்றில் ஒன்றுகூட சேரிக்குள் வந்து சேரவில்லை. கிடைத்தவற்றை வாசித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: தேர்வெழுதிய நம்மைச் சோதிக்கப் போன ஆய்வுகளில் தோற்றுப்போனவர் விடைத்தாளைத் திருத்தியவர்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கல்வி

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள். மேல்சாதியில் மூன்று பேர், சமார் சாதியில் மூன்று பேர் என்று ஆறு பேராக உட்கார வைத்து, சிக்கலான பாதைப் புதிர்களைக் கையில் கொடுத்தார்கள். வழி கண்டுபிடித்தால் ஒவ்வொரு புதிருக்கும் காசு. சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் நடத்தியபோது சமார் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் சமமாகவே செய்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு வேறொன்று செய்தார்கள். புதிரைக் கொடுக்கும் முன்னால் ஒவ்வொரு பையனையும் பார்த்து அவன் பெயர், ஊர், அப்பன் பெயர், தாத்தன் பெயர், சாதி எல்லாவற்றையும் உரக்க வாசித்து, சரிதானே என்று தலையாட்ட வைத்தார்கள். அவ்வளவுதான். சமார் பையன்கள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை இறங்கிவிட்டது. அதே மூளை, அதே காகிதம், அதே காசு. நடுவில் வந்து உட்கார்ந்தது சாதிப் பெயர் மட்டும்தான். 2006இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ'வில் இது வெளிவந்தது.

பள்ளிக்கூடத்தில் "உதவித்தொகைப் பசங்கள்லாம் எழுந்து நில்லுங்கடா" என்று சொல்லக் கேட்ட எவருக்கும் இந்தச் சோதனை புதிதில்லை. நாம் எழுந்து நின்றபோது நமக்குள் என்ன இறங்கியது என்று நமக்குத் தெரியும். அதை எண்ணிக் காட்டியிருக்கிறார்கள், அதுதான் புதிது.

அடுத்தது இன்னும் கசப்பானது. ரீமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் இந்திய நகரம் ஒன்றில் பிள்ளைகளுக்குப் பரிசுத் தேர்வு வைத்தார்கள். விடைத்தாள்களின் முகப்பில் மாணவரின் விவரம் எழுதிய தாள் ஒன்றை இணைத்தார்கள். அந்த விவரத்தில் சாதியும் உண்டு. ஆனால் அது எழுதிய பிள்ளையின் உண்மையான சாதி கிடையாது. சீட்டுக் குலுக்கிப் போட்டது போல் ஏதோ ஒன்று. அதே விடைத்தாளே ஒரு ஆசிரியரிடம் மேல்சாதித் தாளாகவும் இன்னொருவரிடம் கீழ்சாதித் தாளாகவும் போனது. கீழ்சாதி என்று எழுதியிருந்த தாளுக்கு மதிப்பெண் குறைந்தது. 2012இல் வந்த அந்தக் கட்டுரையின் கணக்குப்படி திட்ட விலக்கத்தில் 0.03 முதல் 0.08 வரை. சின்ன எண்தான், ஒத்துக்கொள்கிறேன். அரை மதிப்பெண்ணில் மருத்துவ இடம் கைமாறுகிற நாட்டில் அது எவ்வளவு சின்னது என்று நீங்களே யோசியுங்கள். ஒரு தாளில் சின்னதாக விழுவது, ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை எத்தனை தாளில் விழுகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கசப்பு அதில் இல்லை தோழர்களே. அப்படிக் குறைத்துப் போட்டவர்கள் யாரென்று பார்த்தால், அந்தப் போக்கு மேல்சாதி ஆசிரியர்களிடம் தென்படவில்லை, தாழ்ந்ததென்று சொல்லப்படும் சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்களிடம்தான் தென்பட்டது என்கிறது அந்த ஆய்வு. இதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு நமக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் நாம் ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்களாக இருக்க மாட்டோம், சாட்சியைக் கலைக்கிறவர்களாக ஆகிவிடுவோம். படிநிலையாக அடுக்கப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் எதைச் சொன்னாரோ, அதன் விஷம் இதுதான். ஒவ்வொரு படியில் நிற்பவனும் தனக்குக் கீழ்ப்படியைப் பார்த்து நிமிர்ந்துகொள்கிறான். பார்ப்பனியம் பார்ப்பனரின் தலைக்குள் மட்டும் குடியிருந்தால் நம் வேலை எவ்வளவு சுலபமாகியிருக்கும்! அந்தத் தம்பியின் 'நம்மளுக்கெல்லாம்' இதே ஊற்றிலிருந்து வந்ததுதான். தன் தாளைத் தானே திருத்தி, தானே குறைத்துப் போட்டுக்கொள்கிறான்.

கணக்கு

2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2019இல் பொருளியலுக்கு நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மனவளர்ச்சி ஆய்வாளர் எலிசபெத் ஸ்பெல்கே முதலியோர் சேர்ந்து எழுதியது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் காய்கறியும் சில்லறைச் சாமான்களும் விற்கிற 1,436 பிள்ளைகளிடம் போயிருக்கிறார்கள். வாடிக்கையாளர் மாதிரிப் போய், வழக்கமில்லாத எடையில் இரண்டு சாமான் கேட்டு, பெரிய நோட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் மனக்கணக்காகவே சரியாகச் சொல்லி மீதியைக் கொடுத்துவிட்டார்கள். பிறகு அதே பிள்ளைகளிடம் பாடப்புத்தகக் கழித்தலும் வகுத்தலும் கொடுத்தார்கள். முன்னதைவிடச் சுலபமானவை. அங்கே பெரும்பாலோர் தடுமாறினார்கள். மறுபக்கம், சந்தை வேலை தெரியாத 471 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். அவர்கள் பாடப்புத்தகக் கணக்கை ஓரளவு போட்டார்கள். சந்தைக் கணக்கில் மிகச் சிலர்தான் தேறினார்கள்.

அப்படியென்றால் கணக்கு யாருக்கு வரவில்லை? கருவாட்டுக் கூடையிலிருந்து கரும்பலகைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடம் ஒரு பாலம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பாலம் போடாதவன் தப்பித்துக்கொண்டான், ஆற்றில் நின்றவன் பெயிலாகிவிட்டான்.

அந்தக் கட்டுரையில் சாதி பேசுபொருளே இல்லை. சந்தையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எந்தச் சனங்களின் பிள்ளைகள் என்ற கேள்வி அங்கே எழவில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும். நம் பக்கத்து வரலாற்றை வைத்துக் கேட்பதற்கு ஒரு புத்தகமும் வந்திருக்கிறது. புதுச்சேரியில் இருந்து ஆய்வு செய்யும் து. செந்தில்பாபு 2022இல் கணிதத்தையும் சமூகத்தையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல், திண்ணைப் பள்ளிகளையும் எண்சுவடியையும் நிலமளக்கும் கணக்கையும் சாதிச் சமூகத்துக்குள் வைத்துப் பார்க்கிறது. வயலில் இறங்கி அளவு பிடித்து நடந்த கால்களும், ஓலையில் எழுதிய கையும் ஒரே சாதியாக இருந்ததில்லை. எழுதியவனுக்குக் கணக்குப்பிள்ளை என்று பட்டம் கிடைத்தது. நடந்து அளந்தவனுக்கு ஊர்த்தொழிலாளி என்ற பெயர்தான் மிஞ்சியது. கணக்கு இரண்டு பேரிடமும் இருந்தது, மரியாதை ஒருவனிடம் மட்டும் போய்ச் சேர்ந்தது.

வணிகம்

பள்ளிக்கூடம்தான் அப்படி, சந்தைக்குச் சாதி கிடையாது, லாபம் ஒன்றே அதற்குக் குறி என்று சொல்லுகிறவர்கள் உண்டு. தாராளமயம் வந்த 1991க்குப் பிறகு நம்மில் சிலரும் அதை நம்பினார்கள்.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் அதைச் சோதித்தார்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே படிப்பு, ஒரே அனுபவம். மாறியது பெயர் மட்டும். ஒன்று மேல்சாதி இந்துப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். நேர்காணலுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, மேல்சாதிப் பெயரை ஒன்று என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. 2007இல் 'எகனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லி'யில் வெளியானது. விண்ணப்பித்தவர் யாரும் உண்மையில் இல்லை. இல்லாத ஆளின் தகுதியைக்கூட பெயரை வைத்துக் குறைத்திருக்கிறார்கள்! நம்மூரில் பெயருக்குப் பின்னால் வால் கிடையாது, பெருமைதான். வால் இல்லாததால் "எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று நேர்முகத்தில் விசாரிக்கிறார்கள். கேள்வி மாறியிருக்கிறது, தேடுவது அதையேதான்.

அந்த வாசலைத் தாண்டி மேலே போனால் என்ன இருக்கிறது? அஜித், டோங்கர், சக்சேனா மூவரும் 2010ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவின் முதல் 1,000 தனியார், பொதுத்துறை நிறுவனங்களின் இயக்குநர்களை எண்ணினார்கள். மொத்தம் 9,052 பேர். அதில் ஏறத்தாழ 93 சதவீதம் முற்பட்ட சாதியினர். தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 சதவீதம். 2012இல் இது வெளிவந்தபோது தகுதி திறமை பேசுகிற எந்தத் தொலைக்காட்சியும் ஓர் இரவை இதற்குக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

இன்னொன்று நான் உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பற்றியது. நான் வங்கியில் எழுத்தர். கடன் கேட்டு வரும் நம் சனங்கள் அதிகாரியின் மேசைக்கு முன்னால் எப்படி நிற்கிறார்கள் என்பதைக் கவுண்டருக்குப் பின்னாலிருந்து நாள் முழுக்கப் பார்க்கிறவன். நாற்காலி காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார்கள். ஃபிஸ்மன், பராவிசினி, விக் என்ற மூன்று ஆய்வாளர்கள் பெரிய பொதுத்துறை வங்கி ஒன்றின் கடன் கணக்குகளை எடுத்துக்கொண்டு, கிளை அதிகாரியும் கடன் வாங்குகிறவரும் ஒரே சாதி அல்லது மதப் பிரிவாக இருந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். 2017இல் வந்த முடிவு இரண்டு. ஒன்று, தன் ஆளுக்குக் கடன் கூடுதலாகக் கிடைக்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவது, அப்படிக் கொடுத்த கடனில் வராக்கடன் குறைகிறது. தன் சனத்தைத் தெரிந்தவருக்கு, யார் கட்டுவார், யாருக்கு என்ன தொழில் ஓடும் என்பது தெரிந்திருக்கிறது.

மேல்சாதி அதிகாரி இதைத் தனக்குச் சாதகமாக வாசிக்கலாம். நாம் இப்படி வாசிக்க வேண்டும்: அதிகாரி நாற்காலியில் நம்மாள் இல்லாத கிளையில், நம் சனங்களின் நாணயத்தை எடைபோடத் தெரிந்த ஆள் இல்லை. கடன் மறுக்கப்படுவதற்குக் காரணம் கேட்பவரிடம் உள்ள குறை என்று எழுதுகிறார்கள், குறை பார்க்கிற கண்ணில் இருக்கிறது. ஆகவே அந்த நாற்காலியில் நமக்கு இடம் கேட்பது சலுகை கேட்பதாகாது. வங்கிக்கே அதில் லாபம் உண்டு என்று கடன் கணக்கே பேசுகிறது.

பொறியியல்

தகுதியின் கோயில் என்று கொண்டாடப்படுகிற இடம் ஐ.ஐ.டி. சென்னை ஐ.ஐ.டி. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் இடஒதுக்கீடு ஐ.ஐ.டி.களுக்குள் வந்தது 1973இல். பிற்படுத்தப்பட்டோருக்கு 2008இல். மானுடவியல் ஆய்வாளர் அஜந்தா சுப்ரமணியன் சென்னை ஐ.ஐ.டி.யை மையமாக வைத்து எழுதி, 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட நூல், தகுதியின் சாதி எது என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. கைவினைச் சாதிகளிடம் கிடந்த தொழில்நுட்ப அறிவு காலனியாட்சியில் வகுப்பறைக்கும் பட்டத்துக்கும் இடம் பெயர்ந்தபோது, அதுவரை கையில் மண் படாத சாதிகள் பொறியாளர்கள் ஆனார்கள் என்பதை அவர் காட்டுகிறார். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த சாதிமூலதனத்தைத் தேர்வின் வழியாக ஊற்றி 'தகுதி'யாக எடுத்துக்கொள்கிறார்கள். ஊற்றி முடித்ததும் பழைய பாத்திரத்தை மறைத்துவிடுகிறார்கள். அப்புறம் 'பொதுப்பிரிவு' என்பவனுக்குச் சாதியே இல்லை என்றாகிவிடுகிறது. ஒதுக்கீட்டில் வந்தவன் முகத்தில் மட்டும் சாதி ஒட்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்து ஏரிகளைப் பாருங்கள். மடை திறந்து, எந்த வயலுக்கு எத்தனை நேரம் தண்ணீர் என்று பிரித்து, கரை உடையுமா தாங்குமா என்று நீரின் சத்தத்திலேயே சொல்லிவிடுகிற நீர்க்கட்டி பல ஊர்களில் நம் ஆள்தான். அவருக்கு அந்த ஏரிப் பாசனத்தில் பெரும்பாலும் சொந்த வயல் இருக்காது. அவருக்குத் தெரிந்தது நீரியல் என்று எந்தக் கல்லூரியும் சொல்லவில்லை. அதைத் தொழில் என்றுகூடச் சொல்லாமல் ஊர்வேலை என்றார்கள், அறுவடையில் கொஞ்சம் நெல்லை அளந்துபோட்டுக் கணக்கை முடித்தார்கள்.

ஆய்வு யார் கையில்?

இவ்வளவு ஆய்வுகளைச் சொன்னேன். எழுதியவர்களின் பெயர்களைத் திரும்பிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் உலக அமைப்புகளிலும் இருப்பவர்கள். சோதனைக்கு உட்கார்ந்த பையன்கள் நம்மவர்கள், சோதித்தவர்களில் நம்மவர் குறைவு. ஏன் என்பதற்கும் எண்ணிக்கை இருக்கிறது. 2023 ஜனவரியில் 'நேச்சர்' வெளியிட்ட ஒரு தொகுப்பு, முன்னணியில் உள்ள ஐந்து ஐ.ஐ.டி.களில் பேராசிரியர்களில் 98 சதவீதம் ஆதிக்கச் சாதியினர் என்று கூறியது.

சட்டம் என்ன செய்கிறது? ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுக்காக 2019இல் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கான சட்டம் வந்தது. அதன் நான்காம் பிரிவு, சிறப்பு நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்கள் என்று ஒரு பட்டியலுக்கு விலக்கு கொடுக்கிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அதில் உண்டு. 2020இல் ஐ.ஐ.டி. இயக்குநர்கள் இடம்பெற்ற குழு ஒன்று, ஐ.ஐ.டி.களையும் அந்த விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பரிந்துரை செய்தது. 'சிறப்பு' என்ற சொல்லைச் சட்டப்புத்தகத்தில் போட்டால் அதற்குப் பொருள், உள்ளே நாம் இல்லை என்பதுதானா?

உள்ளே போனவர்களுக்கு என்ன நடந்தது? ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வாளராகச் சேர்ந்த சேலத்துச் செந்தில்குமார் 2008இல் இறந்தார். அதே பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று. ஜே.என்.யூ.வில் படித்த சேலத்து முத்துக்கிருஷ்ணன் 2017 மார்ச் 13 அன்று. ஆய்வு செய்யப் போன பிள்ளைகள். இவர்கள் எழுதியிருக்க வேண்டிய ஆய்வேடுகள் எந்த நூலகத்திலும் இல்லை. படிப்பை நிறுத்துகிறேன் என்று ஒரு தம்பி சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்வது இதனால்தான்.

நமக்குள் ஒரு வாதம் உண்டு. "நம்ம வலி நமக்குத் தெரியும், அதை வெள்ளைக்காரன் அளந்து சொல்லணுமா தோழர்? ஆய்வுன்றதே அவங்க ஆயுதம்" என்று கேட்கிற தோழர்களை மதிக்கிறேன். பாதி நியாயம் அதில் இருக்கிறது. நம்மைச் சோதனை எலியாக மட்டும் வைத்துக்கொள்கிற ஆய்வு எனக்கும் வேண்டாம். ஆனால் மறுபாதியையும் பாருங்கள். அண்ணல் அம்பேத்கர் 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியச் சாதிகளைப் பற்றிய ஆய்வுரையை வாசித்தபோது அவருக்கு வயது 25. 1923இல் ரூபாயின் பிரச்சினையைப் பற்றிய ஆய்வுக்கு லண்டனில் பட்டம் பெற்றார். 1925இல் நாணயக் குழுவின் முன்னால் சாட்சியம் சொன்னார். ரூபாய்த் தாளை எண்ணியே மாலையாகிற எனக்கு, அந்த ரூபாயையே ஆராய்ந்தவர் நம்மவர் என்பது சாதாரணச் செய்தி இல்லை. பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' வார இதழில் இந்திரர் தேச சரித்திரத்தை எழுதினார். பல்கலைக்கழகம் கதவைத் திறக்காத காலத்தில் பத்திரிகையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். ஆயுதம் அவர்களுடையது என்று யார் சொன்னது?

ஆகவே நான் சொல்ல வருவது மூன்று.

முதலாவது, இந்த ஆய்வுகளைத் தமிழில் கொண்டுவருவோம். முழுதாக முடியாவிட்டால் நான்கு பக்கச் சுருக்கமாவது போதும். நம் சிற்றிதழ்களில் கவிதைக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம், கவிதை எழுதுகிறவனாகவே சொல்கிறேன். நமக்குச் சாதகமில்லாத முடிவுகளையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது, இடஒதுக்கீட்டு விவாதத்தில் நாம் குற்றவாளிக் கூண்டில் நிற்பதை நிறுத்துவோம். நம் தகுதியை நிரூபி என்று கேட்டால், திருத்தியவரின் தகுதியை நிரூபி என்று திருப்பிக் கேட்போம். ஒவ்வொரு ஐ.ஐ.டி.யும் ஐ.ஐ.எம்.மும் ஆய்வு நிறுவனமும் பேராசிரியர், முனைவர் பட்டச் சேர்க்கை, இடையில் நின்றவர் எண்ணிக்கையைச் சாதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 2019 சட்டத்தின் விலக்குப் பட்டியல் நீக்கப்பட வேண்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும். தோரட்டின் 4,808 விண்ணப்பங்கள் அதற்கான மனுவோடு இணைக்க வேண்டிய ஆவணம்.

மூன்றாவது, நாம் திருத்துகிற இடத்தில் இருக்கும்போது என்ன செய்கிறோம் என்று பார்ப்போம். நம்மில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அதிகாரிகள் இருக்கிறார்கள். அருந்ததியர் பிள்ளையின் தாளைப் பார்க்கும்போது, நம் வீட்டுப் பெண் பிள்ளையின் படிப்பை முடிவு செய்யும்போது, நம் பேனா எந்தப் பக்கம் சாய்கிறது? ஹன்னாவின் ஆய்வு அந்தக் கேள்வியை நம் முகத்துக்கு நேராக வைக்கிறது. கோபம் வேண்டாம், பதில் வேண்டும்.

அந்தத் தம்பி இன்னும் முடிவு சொல்லவில்லை. சந்தைப் பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையை நகலெடுத்து அவனிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அதை எங்களுக்குத் தமிழில் விளக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதில் புள்ளியியல் அட்டவணைகள் இருக்கின்றன, எனக்குப் பாதி புரியவில்லை, அவனுக்குப் புரியலாம். "உனக்குக் கணக்கு வராதுன்னு எங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுடா, அப்புறம் நிறுத்திக்கலாம்" என்றேன். சிரித்தான். நின்றிருக்கிற இரண்டு பேப்பருக்குப் பணம் கட்டக் கடைசி நாள் வரும் பதினெட்டாம் தேதி. கூட்டம் பதினைந்தாம் தேதி. அவன் அம்மாவையும் அழைத்திருக்கிறோம்.